என் கையில் இல்லாத கிருமி

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் கலாவதி இந்த வருடம் கிளீன் ரூம் வேலைக்குச் சேர்ந்தாள். நான் பதினோரு வருடம் துடைத்த அதே அறைதான். செயற்கைக்கோளில் ஏற்றும் சிறு பெட்டிகளைத் தூசி படாமல் பூட்டி முடிக்கிற இடம் அது. தடா போகும் ரோட்டில் இருக்கிற தனியார் கம்பெனி, பெயர் வேண்டாம். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, உன் எடது கையக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டேன்."

காட்டினேன். என் இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். மாம்பழம் அடுக்கிய கிரேட் பெட்டி விழுந்து முறிந்த விரல். புத்தூரில் எலும்புக் கட்டுப் போட்டு, நாற்பது நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வேலை போய்விடுமே என்று பதினைந்தாம் நாளே நானாக அவிழ்த்துவிட்டேன். கட்டியவர் மேல் குற்றமில்லை.

கலா விரலைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப அது நீதான்."

பயிற்சி வகுப்பில் திரையில் ஒரு படம் போட்டார்களாம். வெள்ளைத் தட்டின்மேல் நீல உறை போட்ட ஒரு கை. சுண்டுவிரல் மட்டும் வெளியே வளைந்த கை. 'ஒரு தொழிலாளி சரியாகக் கை கழுவாததால், விண்வெளிக்குப் போகவேண்டிய ஒரு பெட்டி எட்டு மாதம் தாமதமானது. அவன் தோலில் இருந்த கிருமி பெட்டிக்குள் போய்விட்டது. நீங்கள் அப்படி இருக்கக் கூடாது' என்று பாடம் நடத்தினார்களாம்.

"சாணி அள்ளிட்டு அப்டியே வந்துட்டான் போலன்னு ஒருத்தன் சொன்னான் மாமா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். அப்பறந்தான் வெரலப் பாத்தேன்."

அவள் அழுதாள். என் மனைவி உள்ளே இருந்து வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு வாயில கொழுக்கட்டைய வச்சினு இருந்த இல்ல? இப்ப ஊரே சிரிக்குது."

அவள் சொன்னது சரி. நான் பேசுகிறவன் இல்லை. நான்கு பேர் நிற்கிற இடத்தில் என் பெயரைக்கூட எனக்குச் சொல்ல வராது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதற்கு மேல் போகவில்லை. ஆனால் எழுதுவது பேசுவதைவிட எனக்கு எளிது. எதிரில் யாரும் நின்று முறைப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் வேலை வாழ்க்கை தொடங்கியது சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் பேக்டரியில். தோத்தாபுரிப் பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். கழுவி, தோலும் கொட்டையும் நீக்கி, கூழாக்கி, சூடாக்கி, டப்பாவில் அடைத்து, கொதிக்கிற தண்ணீரில் மூழ்க வைத்து எடுப்போம். நான் அங்கே குழாயும் தொட்டியும் கழுவுகிறவன். பருவத்துக்குப் பருவம் போய்க் கற்றுக்கொண்டதை எல்லாம் சொன்னால் நீளும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு வருடம் கோடவுனில் அடுக்கி வைத்த டப்பாக்கள் உப்பத் தொடங்கின. மூடி மேலே புடைத்து, தட்டினால் மத்தளம் போலச் சத்தம் வரும். முதலாளி நேராக பாய்லர்காரரைப் பிடித்தார். 'தூங்கிவிட்டாய், சூடு இறங்கிவிட்டது' என்று கத்தினார். அப்போது லேபில் ஒரு வயதான பெரியவர் இருந்தார். பாபு ராவ் என்று பெயர். அவர் சூடு பதிவாகும் வட்டக் காகிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். கோடு ஓர் இடத்திலும் இறங்கவில்லை.

"சூடு சரிதான் சார். இந்தக் கிருமி சூட்டில் சாகாத சாதி. மண்ணோடு வருகிறது. பழம் கழுவுகிற தண்ணீரை மாற்றுங்கள். குழாயைக் கழற்றிப் பாருங்கள்" என்றார்.

குழாயைக் கழற்றியது நான்தான். உள்ளே விரல் விட்டால் வழவழ என்றது. தண்ணீர் போகிற குழாயில் வழவழப்பு இருந்தால் அங்கே கிருமி குடும்பம் நடத்துகிறது என்று அர்த்தம். அன்றைக்கு பாபு ராவ் எனக்கு விளக்கியது இன்றும் மறக்கவில்லை. சில கிருமிகள் கஷ்டகாலம் வந்தால் தமக்குள்ளேயே ஒரு விதை செய்துகொள்ளும். உடம்பில் இருக்கிற நீரையெல்லாம் வடித்துவிட்டு, கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு படுத்துவிடும். சாப்பாடு வேண்டாம், மூச்சு வேண்டாம். கொதிநீரை ஊற்றினாலும் அது தூங்கும். நல்ல இடம் கிடைத்த அன்றைக்கு முளைக்கும்.

பாய்லர்காரரை அந்த வட்டக் காகிதம் காப்பாற்றியது. அதை நான் நேரில் பார்த்தேன். காகிதம் மனிதனைக் காப்பாற்றும் என்று நம்பிவிட்டேன். என் மடத்தனத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பேக்டரி மூடியபின் ஏஜென்சி ஒன்று என்னை இந்த கிளீன் ரூமுக்கு எடுத்தது. 'குழாய் கழுவத் தெரிந்தவன்' என்பதுதான் என் தகுதி. உள்ளே போகும் முறை இது. முதல் அறையில் செருப்பைக் கழற்ற வேண்டும். இரண்டாவதில் முழங்கை வரை கை கழுவ வேண்டும். மூன்றாவதில் தலைக்கு உறை, வாய்க்கு உறை, உடம்புக்கு வெள்ளை அங்கி, காலுக்கு உறை, கடைசியில் கைக்கு இரண்டு உறை. அங்கி தரையில் படக்கூடாது. பட்டால் கழற்றிப்போட்டு வேறு எடுக்க வேண்டும். பவுடர், விபூதி, குங்குமம், பூ, எதுவும் கூடாது. பெண்கள் கண்ணாடி வளையலைக்கூடக் கழற்றி டப்பாவில் போட வேண்டும். கல்யாணமான பெண்ணை வளையலைக் கழற்றச் சொன்னால் சும்மா இருப்பாளா? என்னோடு சேர்ந்த முனிலட்சுமி முதல் நாள் பெரிய சண்டையே போட்டாள். கடைசியில் கழற்றினாள். தினமும் கழற்றினாள்.

துடைப்பதற்கும் முறை உண்டு. துணியை எட்டாக மடித்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட்டைத் துணியில் அடித்து, மேலிருந்து கீழாக, ஒரே திசையில், ஓர் இழுப்பு. அடுத்த இழுப்புக்கு அடுத்த மடிப்பு. முன்னும் பின்னுமாகத் தேய்த்தால், எடுத்த அழுக்கைத் திரும்பப் பூசுகிறோம் என்று பொருள். நான் பதினோரு வருடமும் ஓர் இழுப்பைக்கூட முன்னும் பின்னும் தேய்த்ததில்லை. யார் வேண்டுமானாலும் அங்கே என்னுடன் வேலை பார்த்தவர்களைக் கேட்கலாம்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் ஹேமலதா மேடம். கிருமிப் பரிசோதனைக்குப் பொறுப்பு அவர். திருப்பதிக்காரர்; வீட்டில் தெலுங்கு, எங்களோடு பேசும்போது ஒரு தினுசான தமிழ். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. யாராவது தப்பு செய்தால் திட்டமாட்டார். கஞ்சி உறைந்த மாதிரி ஒரு பொருள் ஊற்றிய சின்னக் கண்ணாடித் தட்டை நீட்டுவார். "பெருவிரல் வையுங்க அண்ணா" என்பார். வைத்ததும் மூடி, பெயரும் தேதியும் எழுதி, வெதுவெதுப்பான அலமாரியில் வைத்துவிடுவார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுக் காட்டுவார்.

என் முதல் தட்டில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் முளைத்திருந்தன. விரல் ரேகையைக்கூட எண்ணிவிடலாம். எனக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போல இருந்தது. எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. 'உன் கை சுத்தமில்லை' என்பதைப் பிறந்ததிலிருந்து பல விதமாகக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது கண்ணாடியிலேயே முளைத்துவிட்டது என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்த மேடம் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். அதில் என்னுடையதைவிட அதிகம்.

"இது யாருது மேடம்?"

"நாதே. என்னோடதுதான்" என்று சிரித்தார். "சுத்தமான மனுஷன்னு யாரும் இல்ல அண்ணா. தோல் இருந்தா கிருமி இருக்கும். அதுக்குத்தான் உறை, அதுக்குத்தான் அங்கி. சிக்குப்பட ஒண்ணும் இல்ல."

அவர் வெட்கப்படுவதைத்தான் 'சிக்குப்பட' என்று தெலுங்கில் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்குப் பதினோரு வருடம் ஒழுங்காகத் துடைத்தேன்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே பன்னிரண்டு சின்னக் குழிகள். எட்டுக் குழியில் எட்டு விதக் கிருமிகளை உலர்த்தி வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடி. இதை பூமிக்கு வெளியே அனுப்பி, அங்கே எது சாகிறது, எது பிழைக்கிறது என்று பார்ப்பதாகத் திட்டம். நான்கு குழியை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்தார்கள். அது எதற்கு என்று கேட்டேன். "அந்த நாலும் காவக்காரங்க அண்ணா. கூப்பிடாத ஆள் எவனாவது உள்ள வந்தா அதுங்க சொல்லிடும்" என்றார் மேடம்.

வேலை இல்லாத நேரத்தில் அவர் சொல்லக் கேட்டதை எல்லாம் என் மனைவியிடம் வந்து சொல்வேன், அவள் நம்பமாட்டாள். கொதிக்கிற ஊற்றில் வாழ்கிற கிருமி உண்டாம். உப்பு பாளம் பாளமாக உறைந்த உப்பளத்தில் அந்த உப்புக்குள்ளேயே இருக்கிறதும் உண்டாம். ஒரு சாதி, மனிதனைக் கொல்லும் கதிர்வீச்சைப்போலப் பல மடங்கு பட்டாலும், தூள் தூளாகிப்போன தன் உள்பாகத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டவைத்துக்கொண்டு எழுந்துவிடுமாம். காற்றே இல்லாத வெளியில் கொண்டுபோய்க் கட்டி வைத்தும் பார்த்திருக்கிறார்களாம். கட்டியாகச் சேர்ந்து கிடந்தால் மேலே இருப்பது வெயிலில் செத்துவிடும். செத்தது கூரையாகி, அடியில் கிடப்பதைக் காப்பாற்றும். குளிர் அதற்குத் தூக்க மருந்து. அங்கே அதைக் கொல்வது பெரும்பாலும் சூரியனின் நேரடிக் கதிர்தான். ஒரு நிழல் கிடைத்தால் போதும்.

"அப்ப நம்ம பெட்டில ஒண்ணு தப்பிப் போனா, அதுவும் பொழச்சிக்குமா மேடம்?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க அண்ணா" என்றார்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். மற்றவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் துடைக்கும் ஸ்பிரிட் முன்பெல்லாம் சீல் வைத்த பாட்டிலில் வரும். கிருமியின் விதைகூட நுழையமுடியாத வடிகட்டியில் வடித்தது என்று மேடம் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் அது நின்றது. மேடம் அப்போது அம்மாவின் ஆபரேஷனுக்காக மூன்று மாதம் விடுப்பில் இருந்தார். ஸ்டோரில் நீல டிரம் வந்து இறங்கியது. அதிலிருந்து ஸ்பிரிட் எடுத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, நாங்களே பாட்டிலில் ஊற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீர் கலந்தால்தான் ஸ்பிரிட் கிருமிக்குள் நன்றாக இறங்கும், அது முறைதான். ஆனால் வடிகட்டி இல்லை. பழையது மீதி இருந்தால் அதன் மேலேயே ஊற்றச் சொன்னார் மேனேஜர்.

தண்ணீர் பிடிக்கும் குழாயின் வாயை ஒரு நாள் துடைத்தபோது விரலில் தட்டுப்பட்டது. வழவழ.

மாங்கூழ் பேக்டரி எனக்கு அப்படியே கண்முன் வந்தது. சொல்ல வேண்டும் என்று மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏமய்யா, என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

மேடம் விடுப்பு முடிந்து வந்த அன்றாவது சொல்லியிருக்கலாம். வந்த அன்றைக்கே பெட்டி வேலை தலைக்கு மேல். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். டிரம் ஸ்டோரில் இருக்கிறது, மேடம் அந்தப் பக்கம் போகிறவர் இல்லை. பாட்டில் அதே பாட்டில், உள்ளே இருப்பது மட்டும் வேறு. இதுதான் நான் செய்த தப்பு. அழுக்குக் கையோடு போனது அல்ல, வாயைத் திறக்காதது. இதற்கு என்னைத் திட்டினால் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன்.

பெட்டியை அனுப்புமுன் ஓர் ஒத்திகை நடத்தினார்கள். காற்றை உறிஞ்சிவிட்ட பெரிய இரும்புக் கூண்டுக்குள் பெட்டியை வைத்து, உறையும் குளிரும் சுடும் வெயிலுமாக மாற்றி மாற்றிக் கொடுத்து, கதிர் விளக்கையும் எரியவிட்டார்கள். வாரக் கணக்கில் நடந்தது. பிறகு திறந்து, ஒவ்வொரு குழியையும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி, தண்ணீரில் உதறி, அந்தத் தண்ணீரை எண்பது டிகிரி சூட்டில் பதினைந்து நிமிடம் வைத்தார் மேடம். அந்தச் சூட்டில் சாதாரணக் கிருமி எல்லாம் செத்துவிடும். விதையாகத் தூங்குவது மட்டும் பிழைக்கும். பிழைத்ததைத் தட்டில் ஊற்றி முளைக்கவிட்டால் எத்தனை என்று எண்ணலாம்.

மூன்றாம் நாள் தட்டுகளை எடுத்தார். நான் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காவல்காரக் குழிகள் நான்கில் மூன்றின் தட்டு முளைத்திருந்தது. மேடம் ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். போய்க் கை கழுவி வந்து மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"அண்ணா, கூப்பிடாத விருந்தாளி. விண்வெளியே இதுக்கு ஒண்ணுமில்லன்னு காட்டிட்டுது" என்றார்.

அன்று மத்தியானமே மேனேஜர் துடைக்கிறவர்கள் நான்கு பேரையும் வரிசையில் நிறுத்தினார். கையில் பரிசோதனை எடுக்க வேண்டும் என்றார்.

மேடம் சொன்னார்: "சார், உள்ளே போனவங்க பதினாலு பேரு. எல்லார் கையும் எடுக்கணும். என்னோடதும். உங்களோடதும்."

"நேனா? நான் சும்மா பாக்க வந்தவன். துடைக்கிறவங்க கைதானே எல்லாத்துலயும் படுது?"

முனிலட்சுமி அடக்கிக்கொள்ளத் தெரியாதவள். "சார், தெனமும் என் வளையலக் கழட்டி டப்பால போட்டுட்டு மொட்டக் கையோட வேல செய்றேன். எங்க மாமியா பாத்தா வெளக்கமாத்தால அடிப்பா. நீங்க அன்னிக்கு மணிக்கட்டுல கயிறு கட்டிக்கினுதானே உள்ள வந்தீங்க? வாட்சி வேற. நான் பாத்தேன்."

யாரோ ஒரு இன்ஜினியர் சிரிப்பை இருமலாக மாற்றினார். மேனேஜரின் காது சிவந்துவிட்டது. "ஏஜென்சிவாள்ளனு பிலுவு" என்றார். ஏஜென்சிக்காரரைக் கூப்பிடச் சொன்னார். அடுத்த வாரம் முனிலட்சுமி வேலையில் இல்லை.

ஏஜென்சி சூப்பர்வைசர் ஓர் ஆங்கிலக் காகிதத்தோடு வந்தார். "கை டெஸ்டுக்கு சம்மதம்னு ஒரு கையெழுத்துப்பா ஏழுமல. மத்தவங்களும் போடுவாங்க. நீ சீனியரு, மொதல்ல போடு" என்றார். காகிதம் மனிதனைக் காப்பாற்றும் என்று நம்பியவன் அல்லவா, ப. ஏழுமலை என்று தமிழில் அழகாகப் போட்டேன். வெள்ளைத் தட்டின்மேல் உறை போட்ட கையை வைக்கச் சொல்லி ஒரு படமும் எடுத்தார்கள். ஆடிட்டுக்கு என்றார்கள். மற்ற மூன்று பேரிடமும் அந்தக் காகிதம் போகவே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதில் இருந்தது சம்மதம் அல்ல. 'கைச் சுத்தம் பேணத் தவறினேன்' என்று எழுதியிருந்ததாம்.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம்தான் எனக்கு வாய் திறந்தது. மேடத்திடம் போய், "மேடம், கொழாய் வழவழன்னு இருக்குது. டிரம்மு ஸ்பிரிட்டு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நேராகப் போய்க் குழாயின் வாயைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஸ்பிரிட் அதை சாகடிக்காது அண்ணா. ஆவியாகிப் போயிடும், விதை மட்டும் மேஜைமேல தங்கிடும். நாம துடைக்கல. விதைச்சிருக்கோம்" என்றார்.

கடைசியில் எங்கள் நான்கு பேர் கையை மட்டும்தான் எடுக்க விட்டார்கள்; ஒற்றி எடுத்ததை மேடம் இரண்டு பங்காகப் பிரித்தார். ஒரு பங்கு அப்படியே தட்டுக்கு. மறு பங்கு எண்பது டிகிரிக்குப் பிறகு தட்டுக்கு. பாட்டில், டிரம், குழாய் மூன்றிலும் எடுத்தார். வடிகட்டியில் இறக்கி, ஸ்பிரிட் போகக் கழுவி, அதற்கும் அதே சூடு. மூன்றாம் நாள் வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டார். சூடு காட்டாத தட்டில் எங்கள் நான்கு பேருக்கும் புள்ளிகள் இருந்தன. தோலில் எல்லோருக்கும் இருக்கும் உருண்டைக் கிருமிகள். சூடு காட்டிய தட்டில் நான்கிலும் ஒன்றுமில்லை. வெறும் கண்ணாடி மாதிரி இருந்தது. டிரம் தட்டில் நாலைந்து புள்ளிதான்; குழாய்த் தட்டிலும் பாட்டில் தட்டிலும் ரவை கொட்டியது போல முளைத்திருந்தது. காவல்காரக் குழியில் முளைத்ததும் அதுவும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி, குச்சி குச்சியாக.

"கையில் ஒட்டிக்கினுகூட விதை வரலாம். வராதுன்னு சொல்லமாட்டேன்" என்றார் மேடம். அவர் அப்படித்தான், தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "ஆனா உங்க கையில இல்ல. நான் பாத்துட்டேன்."

இதை எழுதி, படங்களோடு மேனேஜரிடம் கொண்டுபோனார். நான் வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"ஸ்பிரிட்ல கிருமின்னா கஸ்டமர் சிரிப்பான் மேடம். ஸ்பிரிட் கிருமியக் கொல்லும்னு சின்னப் பசங்களுக்கே தெரியும்."

"சின்னப் பசங்களுக்குத் தெரிஞ்சது தப்பு சார்."

"கஸ்டமருக்குக் கை புரியும். கை கழுவல, ஆளை மாத்திட்டோம், முடிஞ்சது. குழாய்னா கம்பெனியே தப்புன்னு ஆகும். கையெழுத்தும் இருக்கு. விடுங்க."

துடைக்கிற துணியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. முன்னும் பின்னுமாகத் தேய்க்காமல், ஒரே திசையில் தரையைத் துடைத்து முடித்தேன். அந்த ஒழுங்கை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த மாதமே நீல டிரம் காணாமல் போனது. சீல் பாட்டில் திரும்ப வந்தது. தண்ணீர்க் குழாயை முழுதாகப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் போட்டார்கள். நான் கேட்கிறேன்: குற்றம் என் கையில் என்றால் குழாயை ஏன் மாற்றினீர்கள்? என் கையை அல்லவா வெட்டியிருக்க வேண்டும்?

என்னை வெளித் தோட்டத்துக்கு மாற்றினார்கள். செடிக்குத் தண்ணீர் விட்டேன். மேடம் ஒரு கல்லூரி வேலைக்குப் போய்விட்டார். போன வருடம் எனக்கு ஐம்பத்தைந்து முடிந்ததும் ஏஜென்சி வரவேண்டாம் என்றது. ரிட்டயர் ஆனேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட கான்ட்ராக்ட்காரனுக்கு உரிமை கிடையாது. வேலை நின்றது, அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் என் கையை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். எங்கள் தெருப் பெண்ணே அதைப் பார்த்துச் சிரிக்கும்படி நடத்துகிறார்கள். பேத்தி பிறந்த அன்று அவளை முதலில் வாங்கிய கை அது.

கலா வந்து சொன்ன மறுநாள் மேடத்துக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் அந்தத் தட்டுப் படங்களையும் தான் எழுதிய பக்கத்தையும் என் போனுக்கு அனுப்பிவிட்டார். "அண்ணா, போய்க் கேளுங்க. நான் வரணும்னா வரேன்" என்றார். நானே போகிறேன் என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பயிற்சி கொடுப்பவர் சின்ன வயது இன்ஜினியர். மரியாதையாக உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

"அந்தப் படத்த எடுத்துடுங்க தம்பி."

"அது பழைய ஸ்லைடு அங்கிள். யார் பேரும் போடலயே."

"பேரு இல்ல. கை இருக்குது" என்று இடது கையை அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனிலிருந்த தட்டுப் படங்களைக் காட்டினேன். குழாய்த் தட்டையும் காட்டினேன். படித்தவர், பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டார்.

"மேனேஜர்கிட்ட கேட்டு மாத்திடறேன் அங்கிள்" என்றார்.

மாற்றினார்கள். போன வாரம் கலாவுக்கு இரண்டாம் கட்டப் பயிற்சி. அதே படம், அதே பாடம். ஆனால் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். சுண்டுவிரல் இல்லை. நான்கு விரலோடு ஒரு கை. இனி அது என் கை இல்லையாம். ஒரு தொழிலாளியின் கை. முனிலட்சுமியின் கையாகவும் இருக்கலாம், கலாவின் கையாகவும் இருக்கலாம். விரலை வெட்டத் தோன்றியவர்களுக்குப் பொய்யை வெட்டத் தோன்றவில்லை.

வகுப்பில் கலா எழுந்து நின்றாளாம். என்னைப் போல இல்லை அவள்.

"சார், அந்தக் கையில எடுத்தத எண்பது டிகிரில வச்சப்பறம் தட்டுல இன்னா மொளச்சிது சார்?"

இன்ஜினியர் திரையைப் பார்த்தாராம், தரையைப் பார்த்தாராம். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டாராம்.

கலா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். நான்தான் அந்தத் தட்டைப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.